மாட்சாவின் இதம் வேரில் தொடங்குகிறது

வாசகி ஒருவர் மாட்சா என்ற ஜப்பானியப் பச்சைத் தேயிலைத் தூளின் இரண்டு டப்பாக்களைப் படமெடுத்து அனுப்பிக் கேட்டிருந்தார்: "இரண்டுமே ஜப்பானில் இருந்து வந்தவை. ஒன்று பச்சைப்பசேல் என்று இருக்கிறது, இளநீர் மாதிரி இதமாக இறங்குகிறது. இன்னொன்று மஞ்சளோடிய பச்சை. குடித்தால் பச்சை வாழைப்பூவைக் கடித்த மாதிரி இருக்கிறது. இது போலியா?"

போலி என்று சொல்லிவிட முடியாது. முதல் டப்பாவில் 'முதல் பறிப்பு' என்று அச்சிட்டிருக்கிறார்கள், இரண்டாவதில் பறிப்பைப் பற்றிப் பேச்சே இல்லை. அது பெரும்பாலும் ஜூன், ஜூலையிலோ அதற்குப் பிறகோ பறித்த கொழுந்தாக இருக்கும். செடி ஒன்றுதான், பருவம்தான் வேறு.

மாட்சா செய்யும் விதம் பலருக்கும் தெரிந்திருக்கும். நம் டீத்தூள் வருகிற அதே இனத் தேயிலைச் செடிதான். கொழுந்தைப் பறித்தவுடன் ஆவியில் காட்டி, சுருட்டாமல் உலர்த்தி, காம்பையும் நரம்பையும் நீக்கிவிட்டுக் கல் திருகையில் அரைப்பார்கள். ஒரு திருகை மணிக்கு 40 கிராம் அளவுக்குத்தான் அரைக்கும். சரி, சுவைக்கு வருவோம்.

மாட்சாவின் துவர்ப்புக்குக் காரணம் கேட்டகின் என்ற வகைச் சேர்மங்கள். அவை எச்சிலில் உள்ள புரதங்களைப் பற்றிக்கொள்வதால் நாக்கு வறண்டு இழுக்கிறது. பாக்கு மெல்லும்போதும் நெல்லிக்காய் கடிக்கும்போதும் நடப்பது இதே மாதிரிதான். கசப்பில் கேட்டகினோடு காஃபீனுக்கும் பங்கு உண்டு. இதமான இனிப்பிலும், நாவில் தங்குகிற உமாமியிலும் தியானின் என்ற அமினோ அமிலத்துக்குப் பெரும் பங்கு உண்டு. உமாமிக்கு நம் அறுசுவையில் தனிப் பெயர் கிடையாது. ஆனால் நன்றாகப் பழுத்த தக்காளியில் வைத்த ரசத்திலும் கருவாட்டுக் குழம்பிலும் அதை நாம் ருசித்திருக்கிறோம்.

இந்தத் தியானினின் கதை எனக்கு மிகவும் பிடித்தமானது. நாம் குடிப்பது இலையை, ஆனால் தியானின் பெரும்பாலும் உருவாவது வேரில். மண்ணிலிருந்து செடி எடுக்கும் நைட்ரஜனில் அம்மோனியமும் உண்டு. அது செல்லுக்குள் அதிகமாகத் தேங்கினால் நஞ்சு. அதனால் வேர் அதை உடனே பாதுகாப்பான பொருளாக மாற்றியாக வேண்டும். குளுட்டாமிக் அமிலத்தையும் எத்தில்அமீன் என்ற சிறு சேர்மத்தையும் இணைத்துத் தியானின் ஆக்குகிறது. ஒவ்வொரு மூலக்கூறிலும் இரண்டு நைட்ரஜன் அணுக்கள். செடிக்கு அது நைட்ரஜன் சேமிப்பு.

கியோட்டோ அருகே உள்ள ஊஜியில் குளிர்காலம் முழுக்கச் செடி துளிர்ப்பதில்லை. மேலே ஒன்றும் நடக்காத அந்த மாதங்களில் கீழே வேரில் சேமிப்பு கூடிக்கொண்டே போகிறது. வசந்தம் வந்து மொட்டு விழித்ததும் அந்தச் சரக்கு தண்டின் வழியே ஏறி முதல் கொழுந்துக்குள் போய்ச் சேர்கிறது. ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் பறிக்கும் அந்த இலையில் ஒரு குளிர்காலத்தின் சேமிப்பே அடங்கியிருக்கிறது.

அப்புறம் வெயில். இலையில் ஒளி பட்டால் தியானின் மறுபடி குளுட்டாமிக் அமிலமாகவும் எத்தில்அமீனாகவும் உடைகிறது. அந்த எத்தில்அமீனின் கார்பன் எங்கே போகிறது? 1960களில் ஜப்பானிய ஆய்வாளர்கள் கதிரியக்கக் கார்பனை அடையாளமாக வைத்துப் பின்தொடர்ந்தார்கள். அது கேட்டகினுக்குள் போய்ச் சேர்ந்திருந்தது! இதமாக இருந்திருக்க வேண்டிய பொருளில் ஒரு பங்கு துவர்ப்பாகிவிடுகிறது. செடிக்கு அது தேவைதான். புற ஊதாக் கதிரிடமிருந்தும் பூச்சியிடமிருந்தும் கேட்டகின் அதைக் காக்கிறது.

விவசாயி குறுக்கே புகுவது இங்கேதான். பறிப்புக்கு மூன்று வாரம் முன்பிருந்தே தோட்டத்தின் மேல் கறுப்புத் துணியையோ, பழைய முறைப்படி நாணல் தட்டியையும் வைக்கோலையுமோ விரிக்கிறார். நிழலில் தியானின் உடைவது குறைகிறது. கிடைக்கிற கொஞ்ச ஒளியையும் பிடிக்க இலை பச்சையத்தைக் கூட்டுகிறது, மெலிதாக விரிகிறது. நல்ல மாட்சாவில் வரும் கடற்பாசி வாசமும் இந்த நிழல் தந்ததுதான்.

முதல் பறிப்பு முடிந்து ஒன்றரை மாதத்தில் இரண்டாவது கொழுந்து வரும். அதற்குள் வேரில் இருந்த சரக்கு பெருமளவு செலவாகியிருக்கும். பகல் நீளம், வெயில் கடுமை, வளர்ச்சியும் வேகம். துணி போட்டாலும் காப்பாற்றுவதற்கு உள்ளே அதிகம் இருக்காது. ஊஜியில் கையால் பறிக்கும் உயர்தரத் தோட்டங்களில் இதனால்தான் ஆண்டுக்கு ஒரே பறிப்பு. அதன் பிறகு கவ்வாத்து செய்து செடியை ஓய்வெடுக்க விடுகிறார்கள்.

சாதாரணப் பச்சைத் தேநீரில் கோடை இலையின் துவர்ப்பை ஓரளவு தவிர்க்க வழி உண்டு. கொதிக்காத நீரில் ஊறவைத்தால் கேட்டகின் குறைவாகவே இறங்கும், மிச்சம் சக்கையோடு போய்விடும். மாட்சாவில் இலையையே விழுங்குகிறோம், சக்கையே இல்லை. செடி என்ன வைத்திருந்ததோ அத்தனையும் நாக்குக்கு வந்துவிடும். இதமாக இருக்கிறதே என்று முதல் பறிப்பில் காஃபீன் குறைவென்று நினைத்துவிட வேண்டாம். இளம் கொழுந்தில் அது நிறையவே உண்டு.

பிப்ரவரி தொடக்கத்தில் வரும் வசந்தப் பிறப்பிலிருந்து எண்பத்தெட்டாம் நாள், அதாவது மே 2 வாக்கில் பறித்த தேநீரைக் குடித்தால் ஆயுள் கூடும் என்று ஜப்பானில் ஒரு நம்பிக்கை உண்டு. ஆயுள் கூடுவதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் அந்த நாள் முதல் பறிப்புக் காலத்துக்கு நடுவில் விழுகிறது. வேரில் நடப்பதை அறியாமலே உழவர்கள் நாவால் சரியான பருவத்தைக் கண்டுபிடித்திருக்கிறார்கள், அதை மதிக்கிறேன். மாட்சா குடித்தால் தொப்பை கரையும் என்று விற்பவர்களிடம் அப்படி மதிக்க ஒன்றும் இல்லை.

தியானினை 1949இல் கண்டறிந்தவர் கியோட்டோவின் தேயிலை ஆய்வு நிலையத்தில் இருந்த சகாடோ யாஜிரோ. தேநீர் ஏன் சுவைக்கிறது என்ற கேள்விக்குப் பொதுப்பணத்தில் விடை தேடிய இடம் அது. வால்பாறையிலும் இலங்கையின் தலவாக்கலையிலும் இருக்கும் தேயிலை ஆய்வு நிலையங்களுக்கும் இப்படிப் பொறுமையான வேலைக்குத் தாராளமாகப் பணம் கிடைக்க வேண்டும் என்பது என் ஆசை.

வாசகிக்கு: மாட்சா டப்பாக்களில் உயர்தரம் என்ற பொருளில் போடும் 'செரிமோனியல்' என்ற சொல்லுக்கு ஜப்பானில் சட்டப்படியான தர வரையறை எதுவும் இல்லை. எந்தப் பறிப்பு, எந்த ஊர் என்று பாருங்கள். வெள்ளைத் தாளில் ஒரு சிட்டிகைத் தூளை விரலால் இழுத்தால் நிறமே பாதியைச் சொல்லிவிடும். முதல் டப்பாவை 80 டிகிரிக்கு மேல் போகாத நீரில் அடித்துக் குடியுங்கள், வெளிச்சம் படாமல் ஃப்ரிட்ஜில் வையுங்கள். இரண்டாவதைத் தூக்கிப் போட வேண்டாம். பாலில் உள்ள புரதம் எச்சிலுக்கு முன்பே கேட்டகினைப் பிடித்துக்கொள்ளும். கொஞ்சம் சர்க்கரையும் சேர்த்துப் பாலில் கலந்தால் அந்தக் கோடை இலை நன்றாகவே இருக்கும்.