நூறு நொடிக்கு ஒரு ரயில்

லண்டனின் வடகிழக்கில் உள்ள வால்தம்ஸ்டோவிலிருந்து தெற்கே பிரிக்ஸ்டன் வரை 21 கிலோமீட்டர் தொலைவுக்கு ஓடும் விக்டோரியா சுரங்கத் தடத்தில், நெரிசல் நேரத்தில் ஒரே திசையில் மணிக்கு 36 ரயில்கள் செல்கின்றன. நூறு நொடிக்கு ஒன்று என்ற இந்தக் கணக்கைக் கேட்பவர்கள், ரயில்கள் மின்னல் வேகத்தில் பாய்வதாகவே நினைப்பார்கள். உண்மையில் அவற்றின் உச்ச வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர்தான். வேகம் இரு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கத் தேவையான தூரம் நான்கு மடங்காகும் என்பதால், வேகத்தை மட்டும் கூட்டினால் ரயில்களுக்கிடையே விட வேண்டிய இடைவெளிதான் வளரும். ஒரு தடத்தின் கொள்ளளவைத் தீர்மானிப்பவை, ரயில் நிற்கும் விதமும் புறப்படும் விதமும் கடைசி நிலையத்தில் திரும்பும் விதமுமே.

அந்த நூறு நொடியைச் சற்றுப் பிரித்துப் பார்க்கலாம். கதவு திறந்து, மக்கள் இறங்கி ஏறி, கதவு மூட அரை நிமிடம் போய்விடும். எட்டுப் பெட்டிகள் சேர்ந்து ஏறக்குறைய 133 மீட்டர் நீளமுள்ள ரயில், நின்ற நிலையிலிருந்து தன் நீளம் முழுவதையும் நடைமேடையிலிருந்து இழுத்துச் செல்ல இன்னொரு 15 நொடி வேண்டும். எஞ்சிய நேரத்திற்குள், பின்னால் பாதுகாப்பான தொலைவில் வந்துகொண்டிருக்கும் ரயில் உள்ளே நுழைந்து, வேகம் குறைத்து, குறித்த இடத்தில் நிற்க வேண்டும். ஒரு நிலையத்தில் யாரோ ஒருவர் கதவைப் பிடித்து நிறுத்தினால் அந்தத் தாமதம் பின்னால் வரும் ரயில்கள் அனைத்துக்கும் கைமாறுகிறது.

இத்தடத்தின் பெயர் நேரத்தைப் பற்றிய ஒரு வாதத்தோடும் இணைந்தது. பயணக் கட்டணத்தைக் கொண்டு செலவை ஈட்ட முடியாது என்பதால் திட்டம் பல ஆண்டுகள் கிடப்பில் கிடந்து, 1962 ஆகஸ்டில்தான் அரசின் ஒப்புதலைப் பெற்றது. கிறிஸ்டோபர் ஃபாஸ்டர், மைக்கேல் பீஸ்லி என்னும் இரு பொருளியலாளர்கள் அதன் பின் 1963இல் வெளியிட்ட ஆய்வு, மிச்சமாகும் பயண நேரத்திற்கு ஒரு பண மதிப்பு வைத்துக் கணக்கிட்டது. இந்த ரயிலில் ஒருபோதும் ஏறாதவர்களும், சாலையிலும் மற்ற ரயில் தடங்களிலும் நெரிசல் தணிவதால் பயனடைவார்கள் என்பது அதன் முக்கியமான முடிவு. போக்குவரத்துத் திட்டங்களுக்கான செலவு–பயன் ஆய்வில் அது இன்றும் முன்னோடியாகக் குறிப்பிடப்படுகிறது.

சுரங்கம் தோண்டுவதற்கு லண்டனின் களிமண் பெரும்பாலும் இணக்கமானது. சிக்கல்கள் மேற்பரப்பை ஒட்டியே எழுந்தன. டாட்டன்ஹாம் ஹேல் நிலையத்தில் நீரூறிய மண்ணைத் திரவ நைட்ரஜனால் உறையவைத்துத் தோண்டினார்கள். ஆக்ஸ்ஃபோர்டு சர்க்கஸ் சந்திப்பிலோ, 1963 ஆகஸ்டில் ஒரு விடுமுறை வார இறுதிக்குள் சாலையின் மேல் எஃகுப் பாலம் ஒன்றை அமைத்து, 1968 வரை வாகனங்களை அதன் மேல் ஓடவிட்டு, அடியில் புதிய பயணச்சீட்டுக் கூடத்தைக் கட்டினார்கள். ‘குடை’ என்பது அந்தப் பாலத்துக்குக் கிடைத்த பெயர். முதற்பகுதி 1968 செப்டம்பர் 1 அன்று திறக்கப்பட்டது. 1969 மார்ச்சில் ரயில் விக்டோரியா நிலையத்தையும், 1971 ஜூலையில் பிரிக்ஸ்டனையும் அடைந்தது.

புதிதாகத் தோண்டியதால் தடத்தின் மேடுபள்ளத்தைத் தாங்களே தீர்மானிக்கும் வாய்ப்பு பொறியாளர்களுக்குக் கிடைத்தது. நிலையங்களைச் சிறு மேடுகளின் உச்சியில் வைத்தார்கள். உள்ளே வரும் ரயில் ஏற்றத்தில் ஏறும்போது தானே வேகம் குறைகிறது. புறப்படும்போது இறக்கம் அதை முன்னே தள்ளுகிறது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ரயில் 3 மீட்டர் உயரம் ஏறினால், அதன் இயக்க ஆற்றலில் ஏறத்தாழ 30 விழுக்காடு நிலை ஆற்றலாக மாறிவிடும் என்பதைப் பள்ளி இயற்பியலைக் கொண்டே கணக்கிடலாம். ரயிலின் எடை இந்த விகிதத்தை மாற்றுவதில்லை. பிரேக்கில் வெப்பமாக வீணாகியிருக்கும் அந்த ஆற்றல், அரை நிமிடம் கழித்து அப்படியே திரும்பக் கிடைக்கிறது. பணிமனைக்குச் செல்லும் பகுதி தவிர முழுவதும் நிலத்தடியில் ஓடும் ஒரு தடத்தில், வெப்பத்தைக் குறைப்பதும் சிறிய ஆதாயமல்ல. சுற்றியுள்ள களிமண் பல பத்தாண்டுகளாக வெப்பத்தை உறிஞ்சிச் சூடேறியிருக்கிறது.

தடம் மாறும் பயணிகளுக்காகவும் சுரங்கங்களை வளைத்தார்கள். யூஸ்டனில் நார்தர்ன் தட ரயிலுக்கு அதே நடைமேடையின் மறுபக்கத்தில் மாறிக்கொள்ள வசதியாக, இரு சுரங்கங்களும் ஒன்றின்மேல் ஒன்றாகக் குறுக்கிட்டு இடம் மாறுகின்றன. கிங்ஸ் கிராஸ் முதல் வாரன் ஸ்ட்ரீட் வரை ரயில்கள் வலப்புறமாக ஓடுகின்றன என்பதைத் தினமும் பயணிப்பவர்களில் எத்தனை பேர் கவனித்திருப்பார்கள் என்று தெரியவில்லை.

ஆயினும் இத்தடத்தின் உண்மையான புதுமை ஓட்டுநர் அறையில் இருந்தது. 1964இல் சென்ட்ரல் தடத்தின் ஒரு பகுதியில் சோதித்துப் பார்த்த தானியங்கி முறை, இங்கு தொடக்கத்திலிருந்தே முழுத் தடத்திலும் நிறுவப்பட்டது. ஓட்டுநர் கதவுகளை மூடி, இரண்டு பொத்தான்களை ஒருசேர அழுத்தினால் போதும். அடுத்த நிலையத்தில் ரயில் தானாக நிற்கும். கணினிகள் அறைகளை நிறைத்த காலத்தில் இதைச் செய்த வழி, எளிமையாலேயே அழகானது. தண்டவாளத்தில் மின்னோட்டம் துடிப்புகளாக அனுப்பப்பட்டது. நிமிடத்திற்கு 420 துடிப்புகள் வந்தால் ரயில் முழு வேகத்தில் செல்லலாம். 270 அல்லது 180 துடிப்புகள் வந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும். எதுவுமே வராவிட்டால் அவசர பிரேக் தானே விழும். கம்பி அறுந்தாலும் மின்சாரம் போனாலும் துடிப்பு நின்றுவிடும் என்பதால், பழுது ஏற்பட்டால் ரயில் ஓடாது, நிற்கும்.

நிலையத்தில் நிற்பதற்கு வேறோர் ஏற்பாடு இருந்தது. தண்டவாளத்தின் குறிப்பிட்ட இடங்களில் அனுப்பப்பட்ட குறிகையில், ஒவ்வொரு 100 ஹெர்ட்ஸும் மணிக்கு ஒரு மைலைக் குறித்தது. 3,000 ஹெர்ட்ஸ் என்றால் அவ்விடத்தில் இருக்க வேண்டிய வேகம் 30 மைல். ரயில் அதைத் தன் வேகத்தோடு ஒப்பிட்டுப் பிரேக்கை இறுக்கும் அல்லது தளர்த்தும். கால அட்டவணையோ துளையிட்ட பிளாஸ்டிக் சுருள்களில் பொதிந்திருந்தது. அவை உருள உருள, சந்திப்புகளில் ரயில்களுக்கான வழி தானாக அமைந்தது.

நாற்பது ஆண்டுகள் உழைத்த அந்த முறையை, தடத்தை நெடுங்காலம் மூடிவைக்காமல் மாற்றுவது எளிதாக இருக்கவில்லை. 2009 முதல் 2011 வரை பழைய ரயில்களும் புதிய ரயில்களும் அவரவர் சிக்னல் மொழியைக் கேட்டுக்கொண்டே ஒரே தண்டவாளத்தில் ஓடின. முன்னால் எவ்வளவு தூரம் காலியாக இருக்கிறது என்பதைப் புதிய முறை வானொலி வழியாகத் தெரிவிக்க, அதற்கேற்பத் தன் வேகத்தை ரயிலே கணக்கிடுகிறது. 2014 ஜனவரியில், விக்டோரியா நிலையத்தில் நடந்துகொண்டிருந்த கட்டுமானப் பணியின்போது, விரைவில் இறுகும் கான்கிரீட் தவறுதலாகச் சிக்னல் அறைக்குள் புகுந்து தடத்தின் தென்பகுதியையே முடக்கியது. கான்கிரீட் இறுகுவதைத் தாமதப்படுத்தச் சர்க்கரையைக் கொட்டினார்கள். மறுநாள் காலையில் ரயில்கள் ஓடின.

சிக்னல் மாறிய பிறகும் மணிக்கு 36 ரயில்கள் உடனே கைகூடவில்லை. தடை வால்தம்ஸ்டோவில் இருந்தது. கடைசி நிலையத்தில் இரண்டே நடைமேடைகள் என்பதால், ஒவ்வொன்றுக்கும் 200 நொடிக்கு ஒரு ரயில் வரும். அதற்குள் வந்த ரயில் காலியாகி, நிரம்பி, வெளியேற வேண்டும். உள்ளே வரும் ரயிலும் வெளியே போகும் ரயிலும் ஒரு தண்டவாளத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும் ஒரே குறுக்குத் தண்டவாளத்தைப் பயன்படுத்துவதால், அங்கே ஊர்ந்து செல்லும் ஒவ்வொரு நொடியும் மற்றதைக் காக்க வைத்தது. 2015 ஆகஸ்டில் மூன்று வாரம் அப்பகுதியை மூடி, கூடுதல் வேகத்தில் கடக்கத்தக்க குறுக்குத் தடத்தை அமைத்த பின்னர், 2017 மே மாதம் நூறு நொடி இடைவெளி நடைமுறைக்கு வந்தது. ஓட்டுநர் 133 மீட்டர் நடந்து மறுமுனைக்குப் போவதற்கும் அங்கே நேரமில்லை. ஆகவே வந்த ரயிலிலிருந்து அவர் இறங்கும்போதே, முந்தைய ரயிலில் வந்திறங்கிய ஓட்டுநர் மறுமுனையில் ஏறிக்கொள்கிறார்; இவர் நடைமேடையில் நடந்து, தமக்குப் பின்னால் வரும் ரயிலுக்காகக் காத்திருக்கிறார்.