மீண்டும் கல்லாகும் சுண்ணாம்பு

தெற்கு ஸ்பெயினில், கடலோர ஊரான நெர்ஹாவிலிருந்து 6 கிலோமீட்டர் மலையேறினால் ஃப்ரிஹிலியானா வந்துவிடும். கடல்மட்டத்துக்கு மேலே ஏறக்குறைய 300 மீட்டரில், ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நிற்பதுபோல் வெள்ளை வீடுகள். கூழாங்கல் பதித்த படிகளில் ஏறும்போது பழைய சுவர் ஒன்றைத் தடவிப் பாருங்கள். மூலைகள் கூராக இருக்காது. வருடா வருடம் அடித்த சுண்ணாம்பு பூச்சுமேல் பூச்சாக ஏறி, விளிம்புகளை உருட்டிவிட்டிருக்கும்.

சுண்ணாம்புக்கல்லைக் காளவாயில் 900 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சுடுகிறார்கள். கல்லின் எடையில் 44 விழுக்காடு வரை கார்பன் டை ஆக்சைடாகப் பறந்துவிடும். மிஞ்சிய சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் விட்டால் புகைந்து, கொதித்து, வெண்ணெய்போல் குழையும். அதை நீர்க்கக் கரைத்தால் வெள்ளையடிக்கும் பால் தயார். சுவரில் ஏறியபின் அது காற்றிலிருந்து அதே கார்பன் டை ஆக்சைடை மெல்ல மெல்ல இழுத்து, பழையபடி கல்லாகிறது. இதற்குக் கொஞ்சம் ஈரம் வேண்டும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் முதலில் சுவரை நனைத்துக்கொள்கிறார்கள்.

சரி, அந்த வெள்ளை எங்கிருந்து வருகிறது? அடித்த கையோடு பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். அடியில் இருக்கும் சுவர் அப்படியே தெரியும். காயக் காயத்தான் வெளுக்கும். சுண்ணாம்பின் நுண்துகள் ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் நிறமற்றது. ஒரு பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதைச் சொல்வது ஒளிவிலகல் எண். துகளுக்கும் அதைச் சுற்றியிருப்பதற்கும் இந்த எண்ணில் வித்தியாசம் எவ்வளவு அதிகமோ, அவ்வளவு ஒளி சிதறும். துகளுக்கு அது ஏறக்குறைய 1.6, தண்ணீருக்கு 1.33, காற்றுக்கு 1. ஈரம் இருக்கும்வரை வித்தியாசம் குறைவு, ஒளி ஊடுருவிப் போய்விடுகிறது. தண்ணீர் ஆவியாகி, இடுக்குகளில் காற்று புகுந்ததும் எல்லா நிறங்களும் ஒரே அளவில் சிதறித் திரும்புகின்றன. நாம் பார்க்கும் வெண்மையில் பாதி காற்றின் வேலை! மழையில் நனைந்த சுவர் மங்கிப்போய், காய்ந்ததும் பழையபடி பளிச்சிடுவதும் இதனால்தான்.

புதிதாக அடித்த சுவர் தன்மேல் விழும் வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அதே கடற்கரையில் கிழக்கே இருக்கும் அல்மேரியாவில் தெரிகிறது. அங்கே கோடையில் பசுமைக்குடில்களின் கூரைக்கும் சுண்ணாம்பு அடிக்கிறார்கள். குடில்கள் பெருகிய பகுதியில் 1983 முதல் 2006 வரை காற்றின் வெப்பநிலை பத்தாண்டுக்குச் சராசரியாக 0.3 டிகிரி குறைந்துவந்ததாக 2008இல் ஓர் ஆய்வு காட்டியது.

இப்போது பல வீடுகளில் பிளாஸ்டிக் பெயின்ட் வந்துவிட்டது. வெண்மையில் குறையில்லை. ஆனால் கல்லும் மண்ணும் சேர்த்துக் கட்டிய பழஞ்சுவர் உறிஞ்சிய ஈரம் வெளியேற வழியில்லாமல், பெயின்ட் கொப்புளித்து உரிகிறது. நுண்துளைகள் உள்ள சுண்ணாம்பு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். பழைய வீடுகளுக்குச் சுண்ணாம்பே பொருந்தும் என்பேன். செவில் மாகாணத்து மொரோன் தெ லா ஃப்ரொன்தெராவில் சுண்ணாம்பு சுடும் தொழிலை மீட்டெடுத்திருக்கிறார்கள். 2011இல் யுனெஸ்கோ அந்த முயற்சியை, மரபைக் காக்கும் நல்ல முயற்சிகளுக்கான தன் நற்செயல்முறைப் பதிவேட்டில் சேர்த்தது. ஊருக்கு வெளியே பழைய காளவாய்களை இன்றும் பார்க்கலாம்.