வீட்டுச் சூட்டை எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறீர்கள்?

போன மே மாதம் வடசென்னை வியாசர்பாடியில் ஒரு நான்கு மாடிக் குடியிருப்பு. கடைசி மாடி வீடு. "அண்ணே, மூணு தபா கேஸ் அடிச்சாச்சு. மத்தியானம் ரெண்டு மணி ஆனா மிஷினு படுத்துக்குது. இன்னான்னே புரியல" என்றார் வீட்டுக்காரத் தம்பி. ஆட்டோ ஓட்டுகிறவர், ஏ.சி.யைத் தவணையில் வாங்கியிருந்தார். நான் கேஸ் சிலிண்டரை வண்டியிலேயே விட்டுவிட்டுத் தெர்மாமீட்டரை மட்டும் எடுத்துக்கொண்டு படியேறினேன்.

அவுட்டோர், அதாவது ஏ.சி.யின் வெளிப்பெட்டி, இருந்தது கட்டடத்தின் நடுவில், குளியலறைக் குழாய்கள் இறங்குகிற சந்தில். அகலம் நாலடி இருக்கும். அதற்குள் எதிரும் புதிருமாக ஆறு அவுட்டோர்கள். தெருவில் 39 டிகிரி. இவருடைய அவுட்டோரின் பின்பக்கம், அது காற்றை உறிஞ்சுகிற இடத்தில் வைத்துப் பார்த்தால் 52. மிஷினில் ஒரு கோளாறும் இல்லை. எதிர்வீட்டு மிஷின் துப்புகிற அனலை இது குடித்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். பெட்டியில் அச்சடித்திருக்கிற திறன் வெளியே 35 டிகிரி இருக்கும்போது சோதித்துப் போட்டது. 52-இல் அது என்ன செய்யும் பாவம்.

ஏ.சி. குளிரை உண்டாக்குவதில்லை. வீட்டுக்குள் இருக்கிற சூட்டை வாரி வெளியே கொட்டுகிறது. காசிமேட்டுக்காரர்களுக்குச் சொல்வதென்றால், படகில் ஏறிய தண்ணீரை வாளியால் இறைத்து ஊற்றுகிற வேலை. அந்தச் சந்தில் ஆறு பேரும் அடுத்தவர் படகிலேயே ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

கணக்கு எளிதுதான். 1 டன் மிஷின் வீட்டிலிருந்து எடுக்கிற சூடு சுமார் 3.5 கிலோவாட். (டன் என்ற பேச்சே ஐஸ் கட்டியிலிருந்து வந்தது. சுமார் 900 கிலோ ஐஸ் 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு சூட்டை இழுக்குமோ, அதுதான் 1 டன்.) அதற்குக் கரண்ட் ஏறக்குறைய 1 கிலோவாட் இழுக்கும். அந்தக் கரண்டும் கடைசியில் சூடாகத்தான் வெளியே போகும். ஆக, அவுட்டோர் துப்புவது 4.5 கிலோவாட். ஆறு மிஷினுக்கு 27. அந்த நாலடிச் சந்தில் 1000 வாட் இஸ்திரிப் பெட்டி 27 எண்ணம் போட்டு வைத்த மாதிரி.

என் சித்தி மகன் வண்ணாரப்பேட்டைப் பையன். இப்போது இங்கிலாந்தில் இதே மிஷினைத் திருப்பிப் போட்டு மாட்டுகிற வேலையில் இருக்கிறான். அங்கே அதற்கு ஹீட் பம்ப் என்று பெயர். குளிர்காலத்தில் வெளிக்காற்றில் மிச்சமிருக்கிற சூட்டை எடுத்துத் தண்ணீரைக் காய்ச்சி வீட்டு ரேடியேட்டர்களுக்கு (அறையைச் சூடாக்கச் சுவரோரம் மாட்டியிருக்கிற தகடுகள்) அனுப்புகிறது. வெளியே பூஜ்யம் டிகிரி இருந்தாலும் எடுக்கும். நன்றாக அமைந்தால் 1 யூனிட் கரண்டுக்குச் சுமார் 3 யூனிட் சூடு கிடைக்குமாம். அங்கே உள்ளாட்சி தரும் வாடகை வீட்டுக்குக் கவுன்சில் வீடு என்று பெயர். அவன் அதிகம் மாட்டுவது அப்படிப்பட்ட வீடுகளில்தான். மிஷினைத் தொடுவதற்கு முன்னால் அறை அறையாகச் சுவர், ஜன்னல், கூரை எல்லாம் அளந்து சூடு எவ்வளவு வெளியேறுகிறது என்று கணக்குப் போட வேண்டும். பழைய பாய்லர் தண்ணீரை 70 டிகிரிக்கு மேல் காய்ச்சி அனுப்பும். இது 45, 50 என்று அனுப்பும்போதுதான் சிக்கனம். அதனால் ரேடியேட்டரைப் பெரிதாக்க வேண்டிவரும். அந்தக் கணக்கைத் தாண்டிக்கொண்டு மாட்டினால் பில் ஏறும், அதைக் கட்டுவது குடியிருக்கிறவர். அவுட்டோரை மூலையில் செருகினால் தான் துப்பிய குளிர்ந்த காற்றைத் தானே உறிஞ்சி, காயிலில் (சுருள் குழாயில்) ஐஸ் பிடித்துக்கொள்ளுமாம். "இங்கேயும் சந்துல சொருகுற ஆளுங்க இருக்காங்கண்ணே" என்று சிரித்தான்.

இங்கே அறையை யார் அளக்கிறார்கள்? கடையில் கேட்கிற முதல் கேள்வியே "ஒரு டன்னா, ஒன்றரையா?" என்பதுதான். பத்துக்குப் பத்து அறைக்கு ஒன்றரை டன் என்று தள்ளிவிடுகிறார்கள். கீழ் மாடிகளில் 1 டன்னே தாராளம். கடைசி மாடிக்கு மட்டும் கதை வேறு. பகல் முழுக்க வெயில் குடித்த கான்கிரீட் தளம் ராத்திரி பத்து மணிக்கும் தலைக்கு மேல் தோசைக்கல் மாதிரி கனன்றுகொண்டிருக்கும். அந்தத் தம்பியிடம் நான் முதலில் சொன்னது, மொட்டை மாடிக்கு வெயிலைத் திருப்புகிற வெள்ளைப் பூச்சு அடிக்கச் சொல்லி. பெரிய மிஷின் வாங்குகிற காசில் சின்னப் பங்குதான் ஆகும். அடித்தபின் ராத்திரியில் மிஷின் நின்று நின்று ஓடுகிறது. முன்பு கம்ப்ரஸர் விடிய விடிய நிற்காது.

அப்புறம் அவுட்டோரைச் சந்திலிருந்து கழற்றி மாடியில் ஸ்டாண்டு போட்டு வைத்தோம். குடியிருப்புச் சங்கத்தில் கேட்டுத்தான் செய்தோம். மாடி எல்லாருக்கும் பொது. கீழ் மாடிக்காரர்கள் தெருப்பக்கம் பால்கனியில், முன்னால் திறப்பாக வையுங்கள். அதன் முன்னால் புடவை காயப்போடாதீர்கள். சன்ஷேடில் உட்கார வைக்கிறவர்கள் முதலில் அடியில் தட்டிப் பாருங்கள். கடல் காற்றில் கம்பி துருப்பிடித்து, காரை பெயர்ந்த சன்ஷேடு நம் பக்கம் சர்வசாதாரணம். அதில் 30 கிலோவை ஏற்றுவது கீழே நடக்கிற பிள்ளைகளின் தலையில் ஏற்றுவது.

உப்பைப் பற்றி இன்னொன்று. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் அவுட்டோரின் அலுமினியத் தகடுகள் சில வருஷத்திலேயே வெள்ளையாகப் பொடிந்து உதிரும். மாதம் ஒருமுறை சுவிட்சை அணைத்துவிட்டு நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவினாலே ஆயுள் கூடும். போர் தண்ணீர் வேண்டாம், நம் ஏரியாவில் அதுவும் உப்புதான்.

மிஷினுக்குள் சுற்றிச் சுற்றிச் சூட்டைச் சுமக்கிற கேஸ், பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகிற சாமான் இல்லை. குறைந்தால் எங்கேயோ கசிகிறது என்று அர்த்தம். பைப் இணைகிற நட்டைத் தொட்டுப் பாருங்கள், விரலில் எண்ணெய் ஒட்டினால் பெரும்பாலும் அங்கேதான். கசிவை அடைக்காமல் கேஸ் மட்டும் அடிக்கிறவருக்குக் காசு கொடுக்காதீர்கள். புதிதாக மாட்டும்போது வேக்யூம் பம்ப் வைத்துப் பைப்பில் இருக்கிற காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்க வேண்டும். கேஸைத் திறந்து புஸ்ஸென்று ஊதிவிட்டு "முடிஞ்சுது சார்" என்றால் முடியவில்லை. இப்போது வருகிற ஆர்32 கேஸ் தீப்பிடிக்கக் கூடியது, அதனால் அப்படி ஊதுவதே தப்பு. ஒயரிங் பற்றி ஒரு வரி: லைட்டுக்கும் ஃபேனுக்கும் போட்ட பழைய லைனில் மாட்டாதீர்கள், தனி லைன், தனி எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் தானே அணைகிற சுவிட்ச்), ஒழுங்கான எர்த்.

வியாசர்பாடி வீட்டில் கடைசியாக ஒரு பஞ்சாயத்து மிச்சம் இருந்தது. இன்டோரின் தண்ணீர் வடிகிற ட்ரெய்ன் பைப் கீழ்வீட்டு வாசலில் வரிசையாக வைத்த குடங்களின் மேல் சொட்டிக்கொண்டிருந்ததாம். நம் ஊர்ப் புழுக்கத்தில் 1 டன் மிஷின் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேலேயே தண்ணீர் விடும். அதனால் ரெண்டு வீட்டுக்கும் ஆறு மாதமாகப் பேச்சு இல்லை. பைப்பைத் திருப்பித் தம்பி வீட்டுப் பால்கனியிலேயே ஒரு பக்கெட்டில் விட்டேன். தம்பியின் அம்மா ஏ.சி.யை 26 டிகிரியில் வைத்து, கூடவே ஃபேனையும் சின்னதாக ஓடவிட்டுத் தூங்குகிறார். காலையில் அந்தப் பக்கெட் தண்ணீரில் வீடு துடைக்கிறார்.