பொட்டில் பட்ட பந்து: வரானின் ஆட்டங்களும் மூளை அதிர்ச்சியும்

2014 உலகக் கோப்பை, ஜூன் 30, பிரேசிலியா மைதானம். நைஜீரியாவுக்கு எதிரான ஆட்டத்தின் இரண்டாம் பாதியில் பிரான்சின் சென்டர் பேக் (நடுத் தடுப்பாட்டக்காரர்) ரஃபாயெல் வரானுக்கு நெற்றிப்பொட்டில் பந்து பட்டது. அப்போது அவருக்கு வயது 21. தொடர்ந்து ஆடி முடித்தார். ஆனால் இயந்திரம் போலத்தான் ஆடிக்கொண்டிருந்தேன் என்று பத்து ஆண்டுகள் கழித்து லெக்கிப் என்ற பிரெஞ்சு நாளிதழிடம் கூறினார். நான்கே நாளில் ஜெர்மனியுடன் காலிறுதி. ஹும்மெல்ஸ் தலையால் முட்டிய ஒரே கோலில் பிரான்ஸ் வெளியேறியது. அந்தப் பந்துக்கு ஹும்மெல்ஸோடு எம்பியவர் வரான்தான்.

2020 ஜூலையில் ரியல் மாட்ரிட்டுக்காக கெடாஃபே அணியுடன் ஆடியபோது மறுபடி தலையில் அடி, அரை மணி நேரத்தில் வெளியேற்றம். ஆகஸ்ட் 7 அன்று மான்செஸ்டர் சிட்டி அடித்த இரண்டு கோல்களும் அவருடைய தவறுகளிலிருந்து வந்தவை. தன் வாழ்நாளின் மிக மோசமான மூன்று ஆட்டங்களில் ஜெர்மனி, சிட்டி ஆட்டங்கள் இரண்டையும் வரானே சேர்க்கிறார். தவறுகளுக்கு முழுக் காரணம் அந்த அடிதான் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் நான்கு சாம்பியன்ஸ் லீக் கோப்பைகளும் 2018 உலகக் கோப்பையும் வென்ற ஒருவரே இதை வெளியில் சொல்ல இத்தனை ஆண்டுகள் ஆகியிருக்கின்றன என்பதுதான் எங்களைக் கவலைப்பட வைக்கிறது.

மூளை அதிர்ச்சி என்றால் மண்டை உடைவதோ ரத்தம் வருவதோ இல்லை. தலை சட்டென்று திரும்பும்போது உள்ளே நரம்பு இழைகள் இழுபடுகின்றன. அதைச் சரிசெய்ய மூளைக்கு அதிக ஆற்றல் தேவைப்படுகிறது, அதே நேரத்தில் ரத்த ஓட்டம் குறைகிறது. இந்தப் பற்றாக்குறை சில நாட்கள், சிலருக்குச் சில வாரங்கள் நீடிக்கும். சாதாரண சி.டி. ஸ்கேனில் இது தெரியாது. ஸ்கேன் நார்மல், அதனால் ஆடலாம் என்று முடிவெடுப்பது நாங்கள் அடிக்கடி காணும் பிழை. ரத்தக்கசிவு இல்லை என்பதை மட்டுமே ஸ்கேன் சொல்கிறது. மயங்கி விழுந்தால்தான் மூளை அதிர்ச்சி என்பதும் தவறு. பெரும்பாலோர் மயங்குவதே இல்லை.

மைதானத்தில் கவனிக்க வேண்டியவை: அசையாமல் கிடப்பது, மெதுவாக எழுவது, கால் தள்ளாடுவது, வெறித்த பார்வை. இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. ஓயாத வாந்தி, கழுத்துவலி, வலிப்பு, கை கால் மரத்துப்போதல், பார்வை இரட்டையாதல், குழப்பம் கூடிக்கொண்டே போதல் இருந்தால் உடனே ஆம்புலன்ஸ். கழுத்துவலி இருப்பவரைத் தூக்கி நிறுத்தக் கூடாது.

நல்லா இருக்கியா என்று வீரரிடம் கேட்டு விட்டுவிடுவதில் பயனில்லை. பதில் சொல்ல வேண்டிய மூளைக்குத்தான் அடிபட்டிருக்கிறது. இது எந்த மைதானம், எந்தப் பாதி, கடைசி கோலை யார் அடித்தார், போன வாரம் யாருடன் ஆடினோம், ஜெயித்தோமா என்று கேளுங்கள். ஒன்றுக்குத் தடுமாறினாலும் வெளியே வரவேண்டும். எல்லாவற்றுக்கும் சரியாகச் சொன்னாலும் சந்தேகம் தீர்ந்ததாகாது.

மூளை அதிர்ச்சியைக் கண்டறிய மருத்துவர்கள் பயன்படுத்தும் ஸ்காட் 6 (SCAT6) சோதனையில் 22 அறிகுறிகளுக்கு 0 முதல் 6 வரை மதிப்பெண் உண்டு. பத்துச் சொற்களை நினைவில் வைப்பது, மாதங்களைப் பின்னிருந்து சொல்வது, சமநிலை எல்லாம் சேர்ந்து குறைந்தது 10 முதல் 15 நிமிடம் ஆகும். மைதானத்து ஓரத்தில் அவசரமாக முடிக்க முடியாது. ஐரோப்பியப் போட்டிகளில் நடுவர் இதற்காக நிறுத்தி வைக்கும் நேரம் அதிகபட்சம் 3 நிமிடம்தான். வெளிநாட்டில் ஆடுபவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பிரெஞ்சு பேசி வளர்ந்தவருக்கு ஸ்பானியத்திலோ ஆங்கிலத்திலோ சொற்பட்டியல் கொடுத்தால், வரும் மதிப்பெண் மூளையைக் காட்டுகிறதா மொழியைக் காட்டுகிறதா என்று பிரிக்க முடியாது. சீசன் தொடக்கத்து அடிப்படைச் சோதனையை வீரரின் தாய்மொழியில் எடுத்து, அடிபட்ட பின்பும் அதே மொழியில் எடுக்க வேண்டும்.

முதல் 24 முதல் 48 மணி நேரம் ஓய்வு. இருட்டறையில் அடைத்துவைக்கத் தேவையில்லை, மெதுவாக நடக்கலாம். ஃபோன், டிவி குறைய வேண்டும். முதல் சில மணி நேரம் தனியாக விடக் கூடாது. வண்டி ஓட்டுவதும் மதுவும் ஆகாது. பிறகு விளையாட்டில் மூளை அதிர்ச்சி பற்றிய 2022 ஆம்ஸ்டர்டாம் மாநாடு வகுத்த ஆறு படிகள்: அன்றாட வேலை, லேசான ஓட்டம் அல்லது சைக்கிள், தனியாகப் பந்துப் பயிற்சி, மோதலில்லாத அணிப் பயிற்சி, மருத்துவர் அனுமதித்த பின் முழுப் பயிற்சி, கடைசியில் ஆட்டம். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். முதல் மூன்று படிகளில் அறிகுறிகள் லேசாகக் கூடிச் சீக்கிரம் அடங்கினால் பரவாயில்லை. அதற்கு மேல் போனால் அன்று நிறுத்திவிட்டு மறுநாள் தொடர வேண்டும். நான்காம் படியிலிருந்து தலைவலி எட்டிப் பார்த்தாலே மூன்றாம் படிக்கு இறங்க வேண்டும். மருத்துவக் குழு இல்லாத உள்ளூர் அணிகளுக்கு பிரிட்டன் வழிகாட்டுதல் இன்னும் கண்டிப்பானது: 21 நாளுக்குள் போட்டியில் இறங்கவே கூடாது. நாங்களும் அதையே சொல்கிறோம்.

தடுப்பாட்டக்காரர்களைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. கோல் கிக், கார்னர், நீண்ட பாஸ் எல்லாம் கடைசியில் அவர்கள் நெற்றிக்குத்தான் வருகின்றன. கிளாஸ்கோ பல்கலைக்கழகம் 7,676 முன்னாள் ஸ்காட்லாந்து வீரர்களை ஆராய்ந்தது. நரம்புச் சிதைவு நோய்களால் இறப்பது பொதுமக்களைவிட அவர்களிடம் சுமார் 3.5 மடங்கு. 2021இல் ஆடும் இடத்தை வைத்துப் பிரித்தபோது தடுப்பாட்டக்காரர்களுக்கு நோய் ஆபத்து ஏறக்குறைய 5 மடங்கு, கோல்கீப்பர்களுக்குக் குறிப்பிடும்படியான உயர்வு இல்லை. அதே ஆண்டில் இங்கிலாந்தில் தொழில்முறை வீரர்களுக்குப் பயிற்சியில் வாரத்துக்கு 10 வேகமான ஹெடர் (தலையால் முட்டுவது) என்று வரம்பு வந்தது. அமெரிக்காவில் பத்து வயதுக்குட்பட்டோர் தலையால் முட்டவே கூடாது. பயிற்சியாளர்கள் ஹெடர்களை எண்ணத் தொடங்குவது முதல் வேலை. நேரத்தையும் தாவுவதையும் மெல்லிய பந்தைக் கையால் எறிந்தே கற்றுக்கொடுக்கலாம். தன் ஏழு வயது மகனைத் தலையால் பந்தை முட்ட வேண்டாம் என்று சொல்லியிருப்பதாக வரான் அதே பேட்டியில் கூறினார்.

அவரது ஆட்ட வாழ்வை 2024 செப்டம்பரில் முடித்தது முழங்கால் காயம். முழங்காலுக்கு ஸ்கேன் படமும் அறுவைசிகிச்சைக் குறிப்பும் கோப்பில் இருக்கும். தலையில் பட்ட அடிக்கு, யாராவது எழுதினால்தான் உண்டு. பிரான்சின் லான்ஸ், ஸ்பெயினின் மாட்ரிட், இங்கிலாந்தின் மான்செஸ்டர், இத்தாலியின் கோமோ என்று நான்கு நாடுகள் மாறும் ஒருவருக்கு ஒவ்வொரு அடியின் தேதி, பட்ட விதம், அறிகுறி நீடித்த நாட்கள், எந்தப் படியில் எப்போது ஏறினார் என்பதெல்லாம் ஒரு தாளில் அவர் கையிலேயே இருக்க வேண்டும். புதிய கிளப்பின் மருத்துவச் சோதனையில் முதலில் காட்ட வேண்டியது அந்தத் தாள்.