அண்ணனுக்கு வில்சன் நோயா? தங்கையையும் அழைத்து வாருங்கள்

அந்த அம்மா பையிலிருந்து இரண்டு நோட்டுகளை எடுத்து என் மேசையில் விரித்தார். “ஏழாவது படிக்கும்போது முத்து முத்தா எழுதுவான் டாக்டர். இப்பப் பாருங்க.” ஒன்பதாம் வகுப்பு நோட்டில் எழுத்துகள் கோட்டை விட்டு இறங்கி, போகப் போகச் சுருங்கியிருந்தன. பையனுக்குப் பேச்சு குழறியது, கடைவாயில் எச்சில் வடிந்தது. பள்ளியில் சோம்பேறி என்று பெயர் வாங்கிவிட்டான். வீட்டில் மந்திரித்துக் கயிறு கட்டியிருந்தார்கள். எட்டு வயதில் மஞ்சள் காமாலை வந்து, கீழாநெல்லி அரைத்துக் கொடுத்ததில் இறங்கிவிட்டதாம். அதை யாரும் பிறகு நினைத்துப் பார்க்கவில்லை.

கண் மருத்துவரிடம் அனுப்பினேன். ஸ்லிட் லேம்ப் வெளிச்சத்தில் கருவிழியின் ஓரமாகப் பழுப்பும் பச்சையும் கலந்த வளையம். கெய்சர்-ஃபிளைஷர் வளையம் என்பார்கள். கண்ணில் படிந்த செம்பு அது.

வில்சன் நோய் ஏறத்தாழ 30,000 பேரில் ஒருவருக்கு வருகிறது. சாப்பாட்டில் தினமும் ஒன்றிரண்டு மில்லிகிராம் செம்பு உள்ளே போகும். மிஞ்சியதைக் கல்லீரல் பித்தநீரோடு வெளியே தள்ளிவிடும். அந்த வேலையைப் பார்ப்பது ஏடிபி7பி என்ற மரபணு. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என வந்த இரண்டுமே பழுதானால் செம்பு கல்லீரலில் தேங்கும். அங்கே இடமில்லாமல் மூளைக்கும் கண்ணுக்கும் போகும். சொந்தத்தில் திருமணம் செய்தவர்களின் பிள்ளைகளுக்கு வாய்ப்பு கூடுதல். அதைச் சொன்னதும் மருமகளைத் திரும்பிப் பார்க்கும் மாமியார்களைக் கண்டிருக்கிறேன். அம்மா, தயவுசெய்து வேண்டாம். உங்கள் மகனிடமிருந்தும் சரிபாதி வந்திருக்கிறது.

செம்பைச் சுமக்கும் செருலோபிளாஸ்மின் என்ற புரதம் 100 மில்லி ரத்தத்தில் 20 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் சந்தேகம் வலுக்கும். அதோடு 24 மணி நேரச் சிறுநீரில் செம்பின் அளவைப் பார்க்க வேண்டும். காலையில் முதல் சிறுநீரைக் கழித்துவிட்டு, அதன்பின் மறுநாள் காலை முதல் சிறுநீர் வரை ஒரு சொட்டு விடாமல் ஆய்வகம் தரும் பிளாஸ்டிக் கேனில் சேர்க்க வேண்டும். இடையில் ஒருமுறை தவறினாலும் கணக்கு கெட்டுவிடும். பள்ளி விடுமுறை நாளில் வைத்துக்கொள்ளுங்கள்.

1912-இல் கின்னியர் வில்சன் இதை விவரித்தபோது கையில் மருந்தே இல்லை. 1956-இல் ஜான் வால்ஷ் பெனிசிலமைனைக் கொண்டுவந்தார். அது செம்பைப் பிடித்துச் சிறுநீரில் வெளியேற்றும். துத்தநாக மாத்திரை குடலிலேயே செம்பைத் தடுக்கும். இரண்டையும் வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ இரண்டு மணி நேரம் கழித்தோ எடுக்க வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் விழுங்கக் கூடாது. பெனிசிலமைன் தொடங்கிய வாரங்களில் சிலருக்கு நடுக்கம் கூடும். அப்போது நீங்களாக நிறுத்தாமல் உடனே மருத்துவரிடம் வாருங்கள்.

உடம்புக்கு நல்லது என்று செம்புக் குடத்தில் தண்ணீர் ஊற்றி வைக்கும் பழக்கம் இப்போது வீட்டுக்கு வீடு வந்திருக்கிறது. இந்தப் பிள்ளைகளுக்கு அது கூடவே கூடாது. ஆட்டு ஈரல், முந்திரி, காளான், சாக்லேட், நண்டு, தாமிர பஸ்பம் சேர்ந்த மருந்துகளும் வேண்டாம். ஆனால் பத்தியம் மட்டும் போதும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

மாத்திரை ஆயுளுக்கும் வேண்டும். கல்லூரிக்குப் போகும் அளவுக்குத் தேறிய ஒரு பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது, மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்று மாத்திரையை நிறுத்தினார்கள். சில மாதங்களில் கல்லீரல் செயலிழந்து அவளைத் தூக்கி வந்தார்கள். எங்களால் காப்பாற்ற முடியவில்லை. மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே திருமணம் செய்யலாம், அளவை மருத்துவர் சரிபார்க்கப் பிள்ளையும் பெறலாம். இதை அந்த வீட்டுக்கு முன்பே உட்கார வைத்துச் சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றும் எனக்கு மனம் ஆறவில்லை.

நோட்டு கொண்டுவந்த அம்மாவிடம், “வேறு பிள்ளைகள்?” என்று கேட்டேன். “ஒரு பொண்ணு, ஆறாவது. அவளுக்கு ஒண்ணும் இல்ல டாக்டர், நல்லா ஓடியாடுறா.” கூடப்பிறந்தவர்களில் நாலில் ஒருவருக்கு இருக்கலாம் என்பதால் விடவில்லை, அடுத்த வாரமே வரச் சொன்னேன். கல்லீரல் நொதிகள் லேசாகக் கூடியிருந்தன, செருலோபிளாஸ்மின் 7.

அண்ணனின் கை இரண்டு வருட மருந்துக்குப் பிறகும் முழுதாகத் திரும்பவில்லை. தேர்வில் சொல்வதை எழுதுபவர் வைத்துத்தான் எழுதுகிறான். தங்கை துத்தநாக மாத்திரையைப் பென்சில் டப்பாவில் வைத்துக்கொண்டு பள்ளிக்குப் போகிறாள். போன மாதம் பரிசோதனைக்கு வந்தபோது அவள் நோட்டையும் கேட்டு வாங்கிப் பார்த்தேன். எழுத்து கோட்டின்மேல் நேராக நிற்கிறது.