கலங்கல் தண்ணீரில் நான்காவது டேப்

மன்னர் எட்டாம் ஹென்றியின் மேரி ரோஸ் போர்க்கப்பல் 1545 ஜூலை 19 அன்று, இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத்துக்கு எதிரே சோலன்ட் நீரிணையில் மூழ்கியது. சாய்ந்து விழுந்த வலப்பக்கம் சேற்றில் புதைந்து பிழைத்தது. வெளியே நின்ற இடப்பக்கம் அரித்துப்போனது. 1982-ல் மிச்சத்தைத் தூக்குவதற்குள் டைவர்கள் சுமார் 28,000 முறை இறங்கியிருந்தார்கள். அதில் கணிசமான நேரம் வெறுமனே அளப்பதற்கே போனது.

எதற்கு அவ்வளவு அளவு? மருந்துப் பெட்டி ஒன்று ஒரு சிற்றறையில் கிடந்ததால்தான் அது கப்பல் வைத்தியரின் அறை என்று தெரிந்தது. பெட்டியை எடுத்துவிட்டால் அந்தச் சாட்சி போயிற்று. இடத்தைக் குறித்த பிறகுதான் பொருளில் கை வைக்கலாம்.

ஆனால் கலங்கல் தண்ணீரில் நிலத்து அளவைக் கருவிகள் உதவாது. பக்கத்தில் இரும்புப் பீரங்கி இருந்தால் திசைகாட்டியும் பொய் சொல்லும். நம்பக்கூடியது தூரம் மட்டும்தான். எனவே கப்பலின் மரங்களில் சில நிலைப்புள்ளிகளை அடித்து, முதலில் அவற்றுக்கிடையே உள்ள தூரங்களை அளந்துகொள்வார்கள். அப்புறம் ஒவ்வொரு பொருளுக்கும் அந்தப் புள்ளிகளிலிருந்து டேப் பிடிப்பார்கள். ஒரு புள்ளியிலிருந்து 4 மீட்டர் என்றால், பொருள் 4 மீட்டர் ஆரமுள்ள கோளத்தின் பரப்பில் எங்கோ இருக்கிறது. இரண்டாவது தூரம் அதை ஒரு வட்டமாகச் சுருக்கும்; மூன்றாவது, இரண்டே இடங்களாக. அதில் ஒன்று பெரும்பாலும் பொருள் இருக்கவே முடியாத இடமாக இருக்கும்.

சரி, மூன்று போதுமே? போதாது. மூன்றில் ஒன்று தப்பானாலும் கணக்கு அசராமல் ஒரு விடை தந்துவிடும், தப்பான விடை. நான்காவது தூரம் இருந்தால்தான் அளவுகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்வது தெரியும். மேரி ரோஸில் நிக் ரூல் என்பவர் உருவாக்கிய நேரடி அளவை முறையின் உயிர் இதுதான்: எல்லாத் தூரங்களுக்கும் முடிந்தவரை ஒத்துப்போகும் இடத்தைக் கணினி தேடுகிறது, ஒட்டாத அளவையும் காட்டிக்கொடுக்கிறது.

தப்பு எளிதில் வரும். 10 மீட்டர் டேப் நீரோட்டத்தில் நடுவே அரை மீட்டர் வளைந்தால் போதும், ஏறக்குறைய 7 சென்டிமீட்டர் கூடுதலாகக் காட்டும். வளைவு எப்போதும் கூட்டித்தான் காட்டும், குறைக்காது.

இன்று நூற்றுக்கணக்கான புகைப்படங்களை ஒட்டிக் கணினியில் முப்பரிமாண உருவம் எடுக்கிறார்கள். பார்க்க அசத்தலாக இருக்கும். ஆனால் படத்துக்குத் தன் அளவு தெரியாது. நீளமான கப்பலில் உருவம் மெல்ல வளைந்தும் போகலாம். அதைப் பிடித்து நிறுத்த அளந்த தூரங்கள் வேண்டும். மேரி ரோஸ் கிடந்தது சுமார் 12 மீட்டர் ஆழத்தில், நிதானமாக டேப் பிடிக்க நேரம் கிடைத்தது. மட்டக்களப்புக்கு அப்பால் 1942-ல் மூழ்கிய விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மிஸ் 50 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. அங்கே சாதாரணக் காற்றோடு இறங்குபவருக்குச் சில நிமிடங்களே கிடைக்கும்; கேமராவை ஓடவிட்டு, முக்கியமான இரண்டொரு தூரங்களை மட்டும் அளந்துவிட்டு ஏறவேண்டியதுதான்.