சித்திரிப்பு: ‘பிரதிநிதித்துவம்’ சொல்லாமல் விடும் பாதி

யாழ்ப்பாணத்தில் உயர்தர மாணவர்களுக்கு ஊடகக் கற்கை படிப்பித்துவரும் என்னை, இந்தச் சொல்லைப் பற்றி எழுத வைத்தது ஒரு விடைத்தாள். சிங்களத் தொலைக்காட்சி நாடகமொன்றின் ஓர் அங்கத்தை வகுப்பில் போட்டுக் காட்டி, அதில் இனத்துவமும் வர்க்கமும் எவ்வாறு பிரதிநிதித்துவப்படுத்தப்பட்டுள்ளன என்று கேட்டிருந்தேன். ஒரு மாணவி இப்படி எழுதியிருந்தாள்: ‘இந்நாடகத்தில் மூன்று தமிழ்ப் பாத்திரங்கள் வருகின்றன. ஆகவே தமிழருக்குப் போதிய பிரதிநிதித்துவம் வழங்கப்பட்டுள்ளது.’ பிழை அவளுடையதன்று. நான் வினாவில் இட்ட சொல் எண்ணிப் பார்க்கச் சொன்னது, அவள் எண்ணினாள்.

ஆங்கிலத்தில் ‘ரெப்ரசென்ரேஷன்’ எனப்படும் சொல்லுக்குத்தான் நாம் பிரதிநிதித்துவம் என்று எழுதிவருகிறோம். அதன் மூலம் இலத்தீன் மொழியின் ‘ரெப்ரசென்ராரே’ என்னும் வினை. கண்முன் இல்லாத ஒன்றை மீண்டும் முன்னிலையில் கொண்டுவந்து நிறுத்துதல் என்பது அதன் பொருள். பிரஞ்சு வழியாக ஆங்கிலத்திற்கு வந்து சேர்ந்த அச்சொல், காலப்போக்கில் இரண்டு வேலைகளைத் தன்மேல் சுமந்துகொண்டது. ஒருவருக்காக இன்னொருவர் அவையில் நின்று பேசுவது ஒன்று. ஒருவரை ஓவியத்திலோ எழுத்திலோ திரையிலோ இன்னார் என்று காட்டுவது மற்றொன்று. ஜேர்மன் மொழி இவ்விரண்டையும் ஒரு சொல்லில் அடக்கவில்லை: முன்னதை ‘ஃபெர்ற்றேற்றுங்’ என்றும் பின்னதை ‘டார்ஸ்ரெல்லுங்’ என்றும் பிரித்தே வழங்குகிறது.

நமது பிரதிநிதித்துவம் வடமொழிச் சொல். ‘பிரதிநிதி’ என்பது ஒருவரின் இடத்தில் வைக்கப்பட்டவர், அதாவது பதிலாள். முன்னிலைப்படுத்திக் காட்டுதல் என்ற பொருள் அச்சொல்லின் வேரிலேயே இல்லை. எனவே ஆங்கிலச் சொல்லின் இரண்டு வேலைகளில் ஒன்றை மட்டுமே அது செய்கிறது. மற்றதைச் செய்யும்படி நாம் அதை வற்புறுத்துகிறோம்.

யாழ்ப்பாணத்து வாசகருக்கு இந்தச் சிக்கல் இன்னும் கூடுதலானது. நம் மண்ணில் இச்சொல் நாடாளுமன்றத்தின் வாசலிலேயே வளர்ந்தது. 1931 இல் பிரித்தானியர் ஆட்சிக்காலத்து டொனமூர் அரசியல் யாப்பு இனவாரிப் பிரதிநிதித்துவத்தை ஒழித்தது, 1940களில் தமிழ்த் தலைவர் ஜீ. ஜீ. பொன்னம்பலம் சிங்களவருக்குப் பாதி, ஏனைய சமூகங்கள் அனைத்துக்கும் சேர்த்துப் பாதி என ‘ஐம்பதுக்கு ஐம்பது’ கேட்டு, அரசியல் யாப்புச் சீர்திருத்தத்தை ஆராய வந்த சோல்பரி ஆணைக்குழுவின் முன் வாதாடினார். 1978 யாப்பு விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தைக் கொண்டுவந்தது. மூன்று தலைமுறையாக இச்சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் ஆசனங்களைக் கணக்கிட்டுப் பழகிய சமூகம் நாங்கள். அந்தக் கணக்கு உயிரோடு தொடர்புடைய கணக்கு என்பதால் அப்பழக்கத்தை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் அதே பழக்கத்தோடு தொலைக்காட்சியின் முன் அமர்ந்தால், எத்தனை பேர் வந்தார்கள் என்பது தெரியும். வந்தவர்களை என்ன செய்தார்கள் என்பது தெரியாது.

ஒருவரை இன்னார் என்று காட்டுதல் என்ற பிந்திய பொருளுக்கு நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் சொல் சித்திரிப்பு. ‘சித்திரி’ என்னும் வினை சித்திரம் என்ற சொல்லிலிருந்து பிறந்தது; ஆதலால் சித்திரிப்பு என்பதே மூலத்தோடு ஒட்டிய எழுத்து. ‘சித்தரிப்பு’ என்பது பேச்சில் மருவி அச்சிலும் நிலைத்துவிட்டது. அதைப் பிழையென்று சிவப்பு மையால் வெட்டுவதில்லை, ஆயினும் மூலம் தெரிந்து எழுதுமாறு மாணவர்க்குச் சொல்வதுண்டு. இச்சொல்லும் வடமொழி வேர் கொண்டதே. தனித்தமிழ் வேண்டுவோர் ‘உருக்காட்டல்’ போன்ற ஆக்கங்களை முன்வைக்கலாம். ஆனால் ஊரில் ஒருவரும் பேசாத சொல்லைக் காட்டிலும், நாளிதழிலும் மேடையிலும் புழங்கி, கேட்டவுடன் பொருள் விளங்கும் சொல்லே கலைச்சொல்லாவதற்குத் தகுதியுடையது என்பது என் துணிபு.

சித்திரிப்பு என்று சொன்னவுடன் கேள்வி தானாகவே மாறுகிறது. சித்திரம் என்றால் தூரிகை உண்டு, வண்ணம் உண்டு, வரைந்த கையும் உண்டு. தொலைக்காட்சி நாடகத்தில் அந்தத் தூரிகை கமராவும் படத்தொகுப்பும் ஒலியும் காட்சியமைப்புமாகும். இவற்றை ஒவ்வொன்றாக விளக்குவதைவிட ஒரே காட்சியை அருகில் வைத்துப் பார்ப்பது நல்லது. நான் வகுப்பில் போட்டுக்காட்டிய அங்கத்தில் ஒரு செல்வந்தர் வீட்டு முன்மண்டபம் வருகிறது. விருந்தாளிகள் இருவரும் வீட்டுக்காரரும் கதைத்துக்கொண்டிருக்கிறார்கள். மலையகத்துப் பெண் ஒருத்தி தேநீர்த் தட்டோடு உள்ளே வருகிறாள். கமரா சோபாவில் இருப்பவர்களின் கண்மட்டத்தில் நிற்பதால், நின்றுகொண்டிருக்கும் அவளுடைய தலை சட்டகத்தின் மேல்விளிம்போடு வெட்டுப்படுகிறது. நமக்குத் தெரிவது தட்டு, வளையலில்லாத இரண்டு கைகள், இடுப்பில் செருகிய முந்தானை. பேச்சு நிற்கவில்லை, படத்தொகுப்பு அவள் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. கோப்பை வைக்கப்படும் ஓசை மட்டும் கேட்கிறது. அவள் ‘மூன்று தமிழ்ப் பாத்திரங்களில்’ ஒருத்தி. எண்ணிக்கையில் இருக்கிறாள், ஆனால் அவளுக்கு முகமில்லை. வசனத்தில் அவளை இகழும் ஒரு சொல்லும் கிடையாது; வர்க்கத்தையும் இனத்தையும் சேர்த்துச் சொல்லி முடித்தது கமரா நின்ற உயரமும் வெட்டு விழாத இடமும்தான்.

காட்சியமைப்பே வர்க்கத்தைப் பேசுவதற்குப் பிரித்தானியத் தொலைக்காட்சியில் பெயர்போன எடுத்துக்காட்டு உண்டு. 1971 இல் ஒளிபரப்பாகத் தொடங்கிய ‘அப்ஸ்ரெயர்ஸ், டவுன்ஸ்ரெயர்ஸ்’ தொடரில் எசமானர் மேல்மாடிகளிலும் பணியாளர் நிலத்தடிச் சமையற்கட்டிலும் வாழ்கின்றனர். தலைப்பே மாடிப்படியின் இரு முனைகள். நமது வீடுகளில் மாடிப்படி இந்த வேலையைச் செய்வதில்லை. திண்ணை, முற்றம், பின்வாசல், கிணற்றடி என்பனவே செய்கின்றன. யார் எதுவரை வரலாம் என்பதை ஒரு யாழ்ப்பாணத்து வீட்டின் அமைப்பே சொல்லிவிடும் காலம் ஒன்று இருந்தது. அதைச் சாதி என்று பெயர் சொல்லாமலே காட்டும் நாடகங்களை நாம் எடுத்தும் இருக்கிறோம், பார்த்தும் இருக்கிறோம். ஆகவே சித்திரிப்பு என்னும் சொல்லைப் பிறர் நம்மைக் காட்டும் விதத்தை அளப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்வது நேர்மையாகாது.

ஒலியில் முதன்மையானது பேச்சு. சிங்கள நாடகங்களில் தமிழ்ப் பாத்திரம் உடைந்த சிங்களம் பேசிச் சிரிப்பூட்டுவது நெடுங்கால வழக்கம். இந்தியத் தமிழ்த் திரையில் ஈழத்தவர் பேச்சு பெரும்பாலும் ‘கதைக்கிறம்’, ‘ஓம்’ என்ற இரண்டொரு சொற்களாகச் சுருங்கிவிடுகிறது. நம்மவர் எடுக்கும் குறுநாடகங்களிலோ, படித்தவர் செய்தி வாசிப்பவர்போலப் பேச, கூலிக்காரர் மட்டும் ஊர்ப்பேச்சுப் பேசுகிறார். இது நமக்கு நாமே செய்துகொள்ளும் அநீதி என்று நான் நினைக்கிறேன், ஏனெனில் நமக்கு வேறொரு மரபு இருக்கிறது: பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை 1940 இல் வெளியிட்ட ‘நானாடகம்’ தொகுப்பில் எசமானரும் ஏவலரும் யாழ்ப்பாணப் பேச்சிலேயே கதைத்தார்கள். அக்காலத்து ஊர் அதிகாரியான உடையாரின் பெயரால் அத்தொகுப்பிலுள்ள ஒரு நாடகத்தின் தலைப்பு ‘உடையார் மிடுக்கு’. வர்க்கத்தைச் சித்திரிப்பது என்றால் என்ன என்பதற்கு இவ்விரு சொற்களைவிடச் சுருக்கமான விளக்கம் எனக்குத் தெரியாது. மிடுக்கு என்பது நடையிலும் குரலிலும் நிற்கும் நிலையிலும் இருப்பது. தலையை எண்ணி அறியக்கூடியதன்று.

ஒளியைப் பற்றியும் ஒரு செய்தி. கொடாக் நிறுவனம் 1950கள் தொடங்கிப் பல ஆண்டுகளாக, படம் கழுவும் கூடங்களுக்குத் தோல்நிறத்தைச் சரிபார்க்க அனுப்பிய அட்டைகளில் ‘ஷேர்லி’ என்று அழைக்கப்பட்ட வெள்ளையினப் பெண்ணின் படமே இருந்தது. அந்த நிறத்துக்கு ஏற்ப எல்லாம் அளக்கப்பட்டபோது கறுத்த முகங்கள் விவரமிழந்து நிழலாயின. இன்றைய தமிழ்த் தொடர்களிலும் ஒளி வெளிறிய முகத்துக்கே ஏற்றப்படுகிறது. ஏழைப்பெண் பாத்திரம் வேண்டுமானால் வெளிறிய நடிகைக்கே கருமை பூசிவிடுகிறார்கள். வறுமைக்கு ஒரு நிறமும் அதற்கு ஓர் ஒப்பனையும் உண்டென்ற எண்ணம் இப்படித்தான் வீட்டு மண்டபங்களுக்குள் குடிபுகுகிறது.

இவையெல்லாம் மேலைநாட்டார் வந்து நமக்குச் சொல்லித்தந்தவை என்று கருதவேண்டியதில்லை. தொல்காப்பிய அகத்திணையியல் ‘நாடக வழக்கினும் உலகியல் வழக்கினும்’ என்று, புனைந்து காட்டுவதையும் உலகில் நடப்பதையும் வேறு பிரித்து, அவ்விரண்டும் சேர்ந்ததே புலனெறி வழக்கம், அதாவது புலவர் பாடும் மரபு, என்கிறது. திரையில் காண்பது வாழ்வின் நேர்நகல் அன்று, ஆக்கப்பட்டது என்று 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸ்ருவர்ட் ஹோல் போன்ற பண்பாட்டு ஆய்வாளர் விரித்துரைத்தது இதற்குத் தொலைவானதன்று. அதே அகத்திணையியலில் இன்னொரு நூற்பா இருக்கிறது: ‘அடியோர் பாங்கினும் வினைவலர் பாங்கினும் கடிவரை இல புறத்து’. ஏவலரும் தொழிலாளரும் காதல் கொள்வதைப் பாடத் தடையில்லை. ஆனால் ஐந்திணைக்குப் புறத்தேதான் அவர்களுக்கு இடம். யார் தலைமகனாகலாம், யார் ஆகமுடியாது என்ற சட்டகம் நம் பழம்பெரும் இலக்கணத்திலும் வரையப்பட்டிருக்கிறது. தேநீர்த் தட்டோடு வந்த பெண்ணின் தலை வெட்டுப்பட்ட அந்த மேல்விளிம்பை நான் இந்நூற்பாவோடு சேர்த்தே நினைக்கிறேன்.

உடன்வரும் இரு சொற்களையும் ஈண்டுக் குறிப்பிட்டுவிடலாம். சமூக அடுக்கைக் குறிக்க இலங்கையிலும் தமிழகத்திலும் வர்க்கம் என்பதே வழக்கு. ‘வகுப்பு’ என்று எழுதினால் பள்ளி வகுப்போ, வகுப்புவாதம் என்ற பழைய வழக்கின் சமூகப் பிரிவோ நினைவுக்கு வரும், தவிர்ப்பது நன்று. ‘எத்னிசிற்றி’ என்பதற்கு இலங்கைத் தமிழில் இனத்துவம் நிலைபெற்றுள்ளது.

பிரதிநிதித்துவத்தை அகராதியிலிருந்தே விலக்கும்படி நான் கேட்கவில்லை. எழுத்தாளர் அறையில் எத்தனை தமிழர், முஸ்லிம்கள், மலையகத்தார் இருக்கிறார்கள், எந்த அலைவரிசை யாருக்கு எத்தனை மணிநேரம் ஒதுக்குகிறது என்று கேட்கும்போது அதுவே சரியான சொல். வேறுபாட்டை இலக்கணமே காட்டித்தருகிறது. ‘இப்பாத்திரம் மலையக மக்களைப் பிரதிநிதித்துவப்படுத்துகிறது’ என்றால் வாக்கியத்தின் எழுவாய் அந்தப் பெண். முழுச் சமூகத்தின் பாரமும் அவள் தலையில். ‘இக்காட்சி அவளை முகமில்லாதவளாகச் சித்திரிக்கிறது’ என்றால் எழுவாய் காட்சி. அதன் பின்னால் கமராவை வைத்தவர், வெட்டியவர், ஒலி சேர்த்தவர் என்று பொறுப்புடையவர்கள் வரிசையாகத் தெரியத் தொடங்குகிறார்கள்.

அடுத்த வாரம் அதே அங்கத்தை மறுபடி போட்டு, வினாவில் அந்த ஒரு சொல்லை மட்டும் மாற்றிக் கொடுத்தேன். அதே மாணவி இம்முறை ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தாள். அதன் முதல் வரி: ‘தேநீர் கொண்டுவந்த அக்காவின் முகத்தை நான் கடைசிவரை பார்க்கவில்லை.’